கண்ணாடிக்குள் ஓர் அறை

தலை சீவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக்குள் அவளுடைய அறை இன்னொரு முறை விரிந்து கிடந்தது. அதே கட்டில், அதே ஜன்னல். சீப்பு கூந்தலில் சிக்கியிருக்க, அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயையோ, அந்த வீடு!" என்றாள்.

"எந்த வீடு?" என்று கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் அதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

வீடுகளுக்கு மதிப்புப் போடுவது அவள் தொழில். ஒருவர் வீடு வாங்கக் கடன் கேட்டால், அந்த வீடு அவ்வளவு பெறுமா என்று வங்கிக்கு ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா, அந்த ஒருவர் இவள். இருபத்தாறு வருஷம் டேப்பும் டார்ச்சுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவள். குழாயைத் திறந்து பார்ப்பாள், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள், முட்டி போட்டுச் சுவரின் அடிப்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். விரல் முட்டியால் தட்டாமல் ஒரு சுவரையும் விட்டதில்லை. ஆபீஸில் 'தட்டல் மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு செயலியைக் கொண்டு வந்தது. விற்பவரே போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். அதுவே அளந்து, படம் வரைந்து, அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு, விலையும் சொல்லிவிடும். இவள் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒரு நாளைக்கு நாற்பது வீட்டுக்கு. சும்மா சொல்லக் கூடாது, அது போட்ட மதிப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

நேற்று கையெழுத்திட்டதில் முப்பத்தேழாவது வீட்டின் வரைபடம் திரையில் வந்தது. முன்பக்கம் ஒட்டினாற்போல இரண்டு அறைகள். நடுச்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இதில் ஒரு ஜன்னல், அதிலும் அதே இரண்டடி தள்ளி ஒரு ஜன்னல். இதில் மூலையில் ஒரு தூண், அதிலும் அதற்கு நேர் எதிர் மூலையில் ஒரு தூண். விரித்து வைத்த நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது. அங்கே பெரிய கண்ணாடி ஏதாவது இருந்து, செயலி அதற்குள் தெரிந்ததையும் ஓர் அறை என்று எண்ணிவிட்டதா?

மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"மேடம், கடன் இன்னிக்கு மூணு மணிக்குப் போகுது. இப்ப போய் இதக் கிளப்பாதீங்க."

"தப்பா இருந்தா?"

"போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க."

போன மாதம் இப்படித்தான் சந்தேகப்பட்டு, கையெழுத்திட்ட ஓர் அறிக்கையைத் திரும்பப் பெற்றாள். போய்ப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அசடு வழியத் திரும்பி வந்தாள்.

"ரெண்டாவது தடவை திரும்ப வாங்கினா, கையெழுத்துப் போடுறவங்க லிஸ்ட்லேர்ந்து உங்க பேர ஆப்பே தானா தூக்கிரும் மேடம். தப்பா சரியான்னெல்லாம் அது பாக்காது. என் கையில ஒண்ணும் இல்ல."

போனை வைத்தாள். அன்றைய நாற்பதைத் திறந்தாள். மூன்றாவது வீட்டிலேயே மனசு நழுவி முப்பத்தேழுக்குப் போனது. மணி ஒன்றாகியும் அதைத் தாண்டவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, குடிக்காமலே டம்ளரைக் கழுவி வைத்தாள்.

"ஏம்மா, உக்காந்தா உக்காரு, போனா போ. எனக்குத் தலை சுத்துது," என்றார் கணவர். அவருடைய கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆகிறது. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்.

"போனா வேலை போயிரும்ங்க."

அவர் பேப்பரை மடித்தார். "போகலன்னா நீ இன்னிக்குத் தூங்குவியா?"

வண்டிச் சாவியை எடுத்தாள். வழியெல்லாம் கண்ணாடி இருக்கக் கூடாது என்றே வேண்டிக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் மணி பார்த்தாள். போய்ச் சேர்ந்தபோது இரண்டே கால்.

அன்றே சாவி கைமாறுவதாக இருந்தது. விற்கும் தையல்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வாங்கும் ஸ்கூல் வேன் டிரைவர் கையில் பேப்பர் கட்டுடன் வாசலில் நின்றிருந்தான். அவள் முன்னறைக்குள் காலை வைத்தாள். எதிரே ஒருத்தி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். அவளேதான்.

சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, ஒரே கண்ணாடி. தைத்த துணியைப் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக வைத்தது.

கண்ணாடியைத் தட்டினாள். அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர்தான், அறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் தையல்காரர் பதறினார். "மெதுவா நடங்கன்னு போன் சொல்லிச்சு, நடந்தேம்மா. கண்ணாடி இருக்கான்னு அது கேக்கவே இல்லையே! நான் கேட்ட விலைகூடக் கம்மிதான். பேங்க்கே இவ்வளவு பெறும்னு சொல்லவும் ஏத்துனேன்."

டிரைவர் முகம் கறுத்துவிட்டது. "நானும் பேரம் பேசினவன்தான். பேங்க் பேப்பரப் பாத்துதான் வாய மூடிக்கிட்டேன். இருவது வருஷம் கட்டணும் மேடம் நான்! இல்லாத ரூமுக்குமா?" பேப்பர் கட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தான். "'நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது'ன்னு போட்டிருக்கு. யாரு வந்து பாத்தது?"

அந்த வரி எல்லா அறிக்கையிலும் தானாக அச்சாகும். மெஷின் போட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"யாரும் பாக்கல," என்றாள். "பாக்காமலே நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவமானம் காதுவரை சுட்டது. அவன் திட்டுவான் என்று நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்தைத் தேடிப் பார்த்தான்.

மணி இரண்டு நாற்பது. போனை எடுத்து அறிக்கையைத் திறந்து, 'திரும்பப் பெறு' என்பதை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினாள். வங்கியிலிருந்து கடன் நிறுத்தப்பட்டதாக டிரைவருக்குச் செய்தி வந்தது. அடுத்த நிமிஷம் இவள் போனில் மிச்சமிருந்த முப்பத்தெட்டு வீடுகளும் காணாமல் போயின. பட்டியலில் அவள் பெயரும் இல்லை.

கணவருக்கு என்ன சொல்வது? கைப்பையை மாட்டினாள், கழற்றினாள். கிளம்பவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

"அப்ப இந்த வீடு உண்மையிலயே எவ்வளவுதான் பெறும் மேடம்?" என்றான் டிரைவர்.

வாய் தானாக ஒரு தொகையைச் சொல்லப் போனது. நிறுத்திக்கொண்டாள்.

"தெரியாதுப்பா. இன்னும் நான் வீட்டப் பாக்கவே இல்லையே."

பையிலிருந்து டேப்பை எடுத்து, அதன் நுனியை அவன் கையில் கொடுத்தாள்.