அப்பா மீசை எடுக்கும் வாரம்

"பெண்ணாக இருப்பதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?"

எண்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் பெண்களைப் பற்றிய பாடம் ஒன்றை எடுத்துப் படித்தபோது, முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் கேட்ட கேள்வி இது. மற்றவர்கள் அம்மா என்றார்கள், அக்கா என்றார்கள். நான் அப்பா என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும், எங்கள் தோட்டத்து நாடகத்தை அவர்கள் பார்த்ததில்லை.

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மிஷினில் வேலை. பேச்சு குறைவு, மீசை அதிகம். ஆனால் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மீசையை எடுத்துவிட்டு ராணி வேஷம் கட்டுவார். எந்தக் காலத்திலோ தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய ஒரு கிராணி எழுதிக் கொடுத்த நாடகம் அது. ராஜா சந்தேகப்பட்டு ராணியைக் காட்டுக்கு விரட்டுவார், ராணி அழுவாள், தோட்டமே சேர்ந்து அழும். சேலைக்கு மடிப்பு வைப்பது, தலை குனிந்து சிரிப்பது, முந்தானையை இழுத்துவிட்டு உட்காருவது எல்லாம் அப்பாவின் ஒத்திகையைப் பார்த்து எனக்கு வந்தவைதான். அம்மாவிடம் அதெல்லாம் கிடையாது. முதுகில் கூடையோடு மலைச்சரிவில் கொழுந்து எடுப்பவள் அவள். பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்து வந்தால் நாய்கூட ஒதுங்கும்.

"வருசம் பூரா அழுவாத அழுகைய ஒங்கப்பா அன்னிக்கு ஒரு நாள்ல அழுதுருவாரு" என்பாள் அம்மா. உண்மைதான். தாத்தா செத்தபோதுகூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷ விடுமுறைக்குத் தானா ராத்தாவில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனால், அப்பா மீசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கோயில் கமிட்டித் தலைவர். அவர் அப்பாவின் மேலுதட்டைத் தவிர வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பிரிஞ்சாங் டவுன்லேருந்துலாம் ஆளு வராங்க. ஆம்பள சேலை கட்டுனா சிரிக்கிறாங்க லா. இந்த வருசம் ஒங்க மக ராணியா நடிக்கட்டும். யூனிவர்சிட்டி படிக்கிற புள்ள, தோட்டத்துக்கும் பேரு."

"அதுவும் சரிதான்" என்று அப்பா வெறும் உதட்டைத் தடவிக்கொண்டார்.

படித்த படிப்புக்கு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பெண் வேஷம் பெண்ணுக்கு, வேறென்ன வேண்டும்? ஆனால் எனக்கு வந்தது கோபம். வருஷத்துக்கு ஒரு தடவை அழுவதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிற மனிதரிடமிருந்து அதையும் பிடுங்கி எனக்குத் தருகிறார்களாம்.

"நடிக்கிறேன் மாமா. ஆனா ராணியா இல்ல, ராஜாவா."

வழக்கமாக ராஜா வேஷம் கட்டுபவர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டப் போய்விட்டதால், அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. தலைவர் அம்மாவைப் பார்த்தார், அவளாவது புத்தி சொல்வாள் என்று.

"நெட்டச்சிதானே, நல்லாத்தான் இருப்பா" என்றாள் அம்மா, தேத்தண்ணி கலக்கிக்கொண்டே. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். டிக்கெட் வாங்கியா வராங்க?"

அதற்குப் பிறகு அப்பா எனக்கு ஆம்பளையாக இருக்கச் சொல்லிக்கொடுத்தார். "கால அகட்டி நில்லு. எடத்த அடைச்சிக்க. மன்னிப்புக் கேக்கிற மாரி நிக்காத." பல்கலைக்கழகத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

திருவிழா அன்று அம்மா கண்மையால் மீசை வரைந்துவிட்டாள். நான் மேடையில் கால் அகட்டி நின்று ராணியை விரட்டினேன். அப்பா என் காலடியில் விழுந்து அழுதார். முன்வரிசையில் இருந்த பிரிஞ்சாங்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். தாத்தாவுக்காகவும் சேர்த்துத்தான் அழுகிறார் என்று எனக்குத் தோன்றியது. என்னால் தாங்க முடியவில்லை. கண் நிறைந்து வழிந்து மீசை கரையத் தொடங்கியது.

அப்பா முந்தானைக்குள்ளிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நீ அழுவாத. நீ ராஜா. அழுவுறது என் வேல."