ட்ரெய்லருக்குப் பின்னால் நின்ற அண்ணன்

மரியநாயகிக்கும் அவளுடைய அண்ணன் லியனார்டுக்கும் ஆகாது என்பது நோர்வூட் கடைவீதிக்கே தெரியும். இருந்தும் ஒரே வண்டியில்தான் இருவரும் தொழில் செய்தார்கள்.

வண்டி அவளுடையது. குவைத்தில் ஒரு பணக்கார வீட்டின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிச் சம்பாதித்தவள், ஊர் திரும்பியதும் பழைய சின்ன பஸ் ஒன்றை வாங்கினாள். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தாள். கூடாரமும் சைக்கிள்களும் ஏற்ற, பின்னால் ஒரு ட்ரெய்லர். மலை பார்க்க வருகிறவர்கள் அந்த வண்டியிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, தோட்டம் தோட்டமாகப் போவார்கள். ஓட்டுவது அவள்.

லியனார்ட் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிளீனராக இருந்தவன். லைசென்ஸ் எடுக்கப் போய் ஒவ்வொரு முறையும் தோற்றுத் திரும்பியவன். லொறி வேலை போனதும் அம்மா அழுது கேட்டுக்கொண்டதால் அவனைச் சேர்த்துக்கொண்டாள். "பொம்பள உக்காந்து ஓட்டுவா, நான் பின்னாலயே ஓடணும்" என்று அவன் முணுமுணுக்காத நாள் இல்லை.

ட்ரெய்லர் கட்டிய வண்டியைப் பின்னால் எடுப்பது லேசான வேலை அல்ல. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடப்பக்கம் போகும். கண்ணாடியில் அதன் விலா தெரியும், முதுகு தெரியாது. அதனால் லியனார்ட் பின்னால் நின்று சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று குரல் கொடுப்பான். வரலாம் என்று அர்த்தம். நிறுத்த வேண்டுமென்றால் "ஹோ" என்பான். உலகத்திலேயே தன்னை அதிகம் வெறுக்கிற மனிதனின் குரலை நம்பி அவள் வண்டியை எடுக்க வேண்டும்.

பொகவந்தலாவை ரோட்டில், ஒரு தோட்டத்து பங்களா வாசலில் அது நடந்தது. "ஹரி, ஹரி" என்ற குரல் நிற்கவே இல்லை. ட்ரெய்லரின் சில்லு ஒன்று ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, வண்டி முழுக்க ஆடியது.

"ஹோன்னு கத்தினேனே, காது செவிடா?" என்று லியனார்ட் விருந்தாளிகளுக்கு முன்னால் ஏசினான். அவன் கத்தவில்லை. அவன் கையில் போன் இருந்ததை அவள் பார்த்தாள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஐயா இறங்கிப் பார்த்துவிட்டு, "நீங்களே ஓட்டலாமே தம்பி" என்று அவனிடம் சொன்னார். அந்தச் சொல்தான் அவளுக்குச் சுட்டது.

அன்று பின்னேரம் அவள் சொன்னாள், "இனி நீங்க பின்னால நிக்க வேணாம். கெமரா போடப்போறேன்."

"அண்ணன விட ஒரு பொட்டிய நம்புறியா?"

"பொட்டி ஆளுங்க முன்னுக்கு என்னய ஏசாது."

ஹட்டனில் வாகனச் சாமான் கடைக்குப் போனபோது, கூப்பிடாமலே அவனும் வந்து நின்றான். கடைக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் அவனிடமே சொன்னார்.

"வயர் இல்லாத செட் இருக்கு. சுருக்கா பூட்டிறலாம்."

"வண்டி என்னோடது. என்கிட்ட சொல்லுங்க" என்றாள் மரியநாயகி. கெமராவை ட்ரெய்லரின் முதுகில் பிடிக்கச் சொல்லிவிட்டு, போய் சாரதி சீட்டில் உட்கார்ந்தாள். திரையில் படம் கோடு கோடாகக் கிழிந்தது. கெமராவுக்கும் திரைக்கும் நடுவில் வண்டி, ட்ரெய்லர் என்று இரண்டு தகரக் கூடுகள். ரோட்டில் ஒரு பஸ் ஒதுங்கிப் போனதும் படமே போய்விட்டது.

"எல்லாரும் இதத்தான் கொண்டுபோறாங்க. ஒங்களுக்கு மட்டுந்தான் கொற" என்றார் கடைக்காரர்.

"வயர் உள்ளத எடுங்க."

லியனார்ட் சிரித்தான். "ட்ரெய்லரக் கழட்டுறப்ப வயர வெட்டிப்புடுவியா?"

"நடுவுல ப்ளக் வரும். முறுக்கிக் கழட்டலாம்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

டிக்கோயாவில் அதைப் பூட்டிய மெக்கானிக் சுதாகரனும் சிடுமூஞ்சிதான். நம்பர் தகட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றான். சேறு அடிக்கும், சைக்கிள் மறைக்கும், உச்சியில் நடுவில் வேண்டும் என்றாள். "அப்ப நீங்களே பூட்டுங்க" என்று ட்ரில்லை நீட்டினான். அவள் வாங்கி ஏணியில் ஏறினாள். பிறகு அவனே வைதுகொண்டு வந்து வயர் இழுத்தான். வளைவில் திரும்பும்போது அறுந்துபோகாமல், வண்டியோடு ட்ரெய்லரைக் கொளுவி இருக்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட்டான். ரோட்டில் இழுபடாமல் தூக்கிக் கட்டினான். கெமராவைச் சுற்றியிருந்த சின்ன விளக்குகளை அணைக்கச் சொன்னாள். மூடுபனியில் அந்த வெளிச்சம் திரும்பி வந்து திரையை வெள்ளையாக்கிவிடும். இடமும் வலமும் மாறித் தெரிந்ததையும் சரிசெய்தான். ட்ரெய்லரின் விளிம்பு திரையின் அடியில் தெரியும்வரை கெமராவைக் குனிய வைத்தாள்.

முதல் பயணத்தில் இரண்டு டீச்சர்மார் வந்தார்கள். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அம்மா கெஞ்சியதால் லியனார்டும் வந்தான். கூடாரம் போடும் இடத்துக்குத் தேயிலைக்கு நடுவே ஒடுங்கிய பாதையில் பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் போட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். ப்ளக் கழன்று தொங்கியது. காலையில் அவளே இறுக்கி முறுக்கிய ப்ளக்.

"குலுங்கினதுல கழண்டிருக்கும்" என்றான் லியனார்ட், பீடியைப் பற்றவைத்தபடி.

அவள் அதைத் துடைத்து, முறுக்கிவிட்டு, ஏறி உட்கார்ந்தாள். படம் வந்தது. படத்தின் நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு லியனார்ட் நின்றான். இதற்குமேல் வராதே என்று திரை காட்டும் சிவப்புக் கோட்டின் மேலேயே நின்றான். ஹோர்ன் அடித்தாள். அவன் அசையவில்லை.

"நான் சொல்லாம இந்த வண்டி பின்னால போகாது!" என்று கத்தினான்.

அவளுடைய கால் பிரேக்கில் இருந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. "அக்கா, வேணாம்!" என்று பின்னாலிருந்து ஒரு டீச்சர் அலறினாள்.

மரியநாயகி கியரை மாற்றினாள். வண்டி முன்னால் பாய்ந்து ரோட்டில் ஏறியது. திரையில் அவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். பிறகு பனி அவனை மூடியது. கீழே சர்ச் மைதானத்தில் ஃபாதரிடம் கேட்டு வண்டியை நிறுத்தினாள். முதல் தடவை ட்ரெய்லர் கோணலாகப் போனது. முன்னால் எடுத்து மறுபடி விட்டாள். நேராக நின்றது. 

அவள் வீடு திரும்பியபோது, பஸ் ஏறி முன்னமே வந்து சேர்ந்திருந்த லியனார்ட் வாசலில் நின்றான்.

"காட்டு வழியில விட்டுட்டுப் போனியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

"நீ ஒரு அண்ணனா?" என்றாள். 'நீங்க' போட்டுத்தான் அதுவரை பேசியிருந்தாள்.

தங்கச்சி வண்டியை ஏற்றிக் கொல்லப் பார்த்தாள் என்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்தான். பாதிப் பேர் நம்பினார்கள். சர்ச் பூசையில் அவள் பக்கத்தில் உட்காரச் சில பெண்கள் தயங்கினார்கள். அவள் யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை.

அவனை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி அம்மா ஒரு முறை கேட்டாள்.

"வேணாம்மா. அன்னைக்கு என் காலு பிரேக்குல இருந்துச்சு. இன்னொரு நாளைக்கு இருக்குமான்னு எனக்குத் தெரியல."

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.