பிரேக் மிதியில் தடவிய சுண்ணாம்பு

பிரேக் பிடிக்காத வண்டியென்றால் எல்லோருக்கும் பயம். பிடித்த பிரேக் விடவில்லை என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. வண்டி கொஞ்சம் மெல்லப் போகும், அவ்வளவுதானே என்பார்கள். மெக்கானிக்காக இருந்துகொண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒருவனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

அறுபதுகளில் செஞ்சியில் திண்டிவனம் சாலை ஓரமாக எனக்கு ஒரு பட்டறை இருந்தது. லாரி, டிராக்டர், தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜின் எது வந்தாலும் பிரித்து மாட்டுவேன். கார் என்று பார்த்தால் ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று கடலை மண்டி முதலாளியுடையது. கறுப்பு பிளஷர். அவர்கள் எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது இறங்கிய பிறகு ஒரு வாய் சோறு தொடமாட்டார்கள். முதலாளி எந்த ஊருக்குப் போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அப்படி உட்கார வைத்துக்கொண்டிருந்தவன் அவருடைய டிரைவர். என்னைவிட நாலைந்து வயது இளையவன். வாயில்லாப் பூச்சி. ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொள்வான். "இன்னாபா, சாமி தொடப் போறியா?" என்று கேலி செய்வேன். சிரிப்பானே தவிர அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒரு தடவை பிரேக் ஆயில் கசிகிறதென்று கார் என்னிடம் வந்தது. மிதியை அழுத்தினால் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, உள்ளே தேய்ந்துபோயிருந்த ரப்பர் வாஷர்களை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன். என் பட்டறையில் எந்தச் சாமானும் மண்ணெண்ணெய் டப்பாவில் ஒரு முழுக்குப் போடாமல் வண்டிக்குள் போகாது. புது வாஷரையும் அப்படித்தான் முக்கி, ஊறவிட்டு, துடைத்துப் போட்டேன். சுத்தக்காரன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் உண்டு.

பத்து நாள் கழித்து டிரைவர் வந்தான்.

"அண்ணே, பிரேக்கு புடிச்சா வுட மாட்டேங்குது. வண்டி நகரவே மாட்டேங்குது."

ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றினேன். நாலும் தடையில்லாமல் சுற்றின.

"நல்லாத்தான சுத்துது? எங்க புடிக்குது?"

"இப்ப புடிக்காதுண்ணே. ஓடி சூடானாத்தான் புடிக்குது. ஆறிட்டா வுட்டுடுது."

சூட்டோடு அவனால் கொண்டுவர முடியாது. முதலாளி வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் போய்வந்த கார், சக்கரத்துக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வாசலுக்குள் நுழையலாம். மறுநாள் காலை முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் என் பட்டறைக்கு வரலாம். ஆகவே நான் ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்தது குளிர்ந்து கிடந்த சக்கரத்தை.

"ஒரு தபா எங்கூட திண்டிவனம் வரைக்கும் வாண்ணே, உனுக்கே தெரியும்" என்று மூன்று முறை கூப்பிட்டான். கைநிறைய வேலை என்றேன். பொய். ஒரு டிரைவர் கூப்பிட்டு நான் போய்ப் பார்ப்பதா என்கிற திமிர்தான்.

அதற்குள் இரண்டு நாள் கார் வழியில் நின்று நின்று வந்து, முதலாளி இருட்டிய பிறகு வீடு சேர்ந்து பட்டினியாகப் படுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார். டிரைவர் பக்கத்திலேயே நின்றான்.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. இவன் பிரேக்கு மேலயே காலை வெச்சினு ஓட்றான்" என்றேன்.

எங்களுக்குப் பிடிபடாத கோளாறுக்கெல்லாம் நாங்கள் சொல்லுகிற காரணம் அது. டிரைவரின் கால். பத்தில் ஐந்து தடவை உண்மையாகவும் இருக்கும்.

அவன் மறுநாள் காலை காரோடு பட்டறைக்கு வந்தான். முதலாளியையும் மண்டியிலிருந்து நாலு பேரையும் அவனே வரச்சொல்லியிருந்தான். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து எங்கள் கண்ணெதிரே பிரேக் மிதியில் தடவினான்.

"அவலூர்பேட்டை வரைக்கும் போய் வரேன். கியரும் ஹேண்ட்பிரேக்கும் போதும். இதும்மேல காலு பட்டா சுண்ணாம்பு ஒட்டிக்கும். காலு படாமலே வண்டி புடிக்குதா இல்லியா, நீங்களே பாருங்க."

வெறுங்காலோடு ஏறிப் போனான். ஊர்ந்து ஊர்ந்துதான் போயிருப்பான்; திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. இறங்கி உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினான். புழுதி இருந்தது, சுண்ணாம்பு இல்லை. மிதியில் தடவியது தடவினபடியே காய்ந்திருந்தது. முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு தெம்பைப் பார்த்தேன்.

நான் குனிந்து சக்கரங்களைத் தொட்டேன். வெயில் சூடு மட்டும்தான். கையால் தள்ளினேன். கார் நகர்ந்தது.

"பாத்துக்குங்க மொதலாளி. இவன் காலு படலன்னா வண்டி புடிக்கல. நான் சொன்னதை இவனே மெனக்கெட்டுக் காட்டிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவன் மிதியையும் தன் காலையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றான். முதலாளி அதட்டிப் பேசுகிறவர் இல்லை. "சாவியைக் குடுத்துடுப்பா" என்றார். கொடுத்தான்.

இரண்டு வாரம் போயிருக்கும். கார் நடுவழியில் நிற்கிறதென்று பகல் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். சைக்கிளில் போனேன். ஊரிலிருந்து மூன்று மைல். புது டிரைவர் மரத்தடியில் நின்றான். கிட்டே போகும்போதே கருகின வாடை. சக்கரத்தில் கைவைக்க முடியவில்லை. சூடாக இருக்கும்போது அந்தக் காரை அன்றுதான் முதலில் தொட்டேன். ஒரு சக்கரத்தில் ஆயில் வடிக்கிற நிப்பிளைத் தளர்த்தினேன். ஆயில் பீறிட்டு அடித்தது, பிடித்திருந்த சக்கரம் உடனே விட்டது. சக்கரத்துக்குப் போன ஆயில் திரும்பி வர வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பட்டறைக்குக் கொண்டுவந்து மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். நான் போட்ட வாஷர் உப்பிப்போய்க் கிடந்தது. புதிதொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அளவே வேறு. மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் உப்பும். உப்பினது, ஆயில் திரும்புகிற சின்னத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. மிதிக்க மிதிக்க ஆயில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்; சக்கரம் இறுகும், சூடாகும், இன்னும் இறுகும். ஆறினால்தான் விடும். மிதிக்கவே இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் சுண்ணாம்பு தடவிய அன்றைக்குக் கார் ஓடியது. தன் மேல் தப்பில்லை என்று காட்ட அவன் செய்த காரியமே அவனைக் கவிழ்த்துவிட்டது. மண்ணெண்ணெய் டப்பா என் காலடியிலேயே இருந்தது.

முதலாளி வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

"வாஷர் ஊறிப்போச்சுங்க. மாத்திட்டேன்."

"அப்போ அந்தப் புள்ள சொன்னது?"

"அது வேறங்க. இது வேற."

இவ்வளவுதான் சொன்னேன். யோசிக்காமல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. யோசித்துத்தான் சொன்னேன். என் பட்டறை, என் பெயர்.

அவனுக்குச் சுற்றுவட்டாரத்தில் வேலை கிடைக்கவில்லை. கால் சரியில்லாதவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அடுத்த அறுவடையின்போது அவலூர்பேட்டைச் சந்தையில் அவனைப் பார்த்தேன். கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவனே வந்துவிட்டான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"லாரிக்காரர் ஒருத்தர் டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டாருண்ணே. வரலன்னுட்டேன்."

"ஏம்பா?"

"நெனச்சு நெனச்சுப் பாத்தேன். எனக்கே தெரியாம காலு போய் மிதிச்சிருக்குது. அன்னிக்கு சுண்ணாம்பு இருந்துச்சு, ஜாக்கிரதையா இருந்தேன், வண்டி புடிக்கல. நீ ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா சொன்ன. நாலு பேரு உசுரு இருக்குதில்ல. நான் வரலன்னது சரிதானண்ணே?"

அவன் காலில் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். லாரிக்காரர் அதே சந்தையில்தான் எங்கோ இருந்தார்.

"சரிதாம்பா" என்றேன்.

அவன் தலையாட்டினான். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.