சைவ வீட்டில் பொம்மி

முடிச்சூர் மெயின் ரோட்டில் கோழிக்கறிக் கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அதன் வாசலில், கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோடு, கறிக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் என் மாமனார் நின்றுகொண்டிருந்த அந்தக் காலைதான், அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. தோய்த்து மடித்த வெள்ளை வேட்டி, நெற்றியில் ஈரம் காயாத விபூதி. பால் வாங்கப் போன நான் அவரை அங்கே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கறிக்கடை பாய் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே சத்தமாகக் கேட்டார். “இன்னா சார், இங்க வந்தா கோழி கொத்திடுமா? சரி, அங்கயே நில்லுங்க, நானே எடுத்துகினு வரேன்.” மாமா சிரித்தார். ஆனால் தூக்கை நீட்டியபோதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரம்பரைச் சைவம். முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் பேரப்பிள்ளை பிறந்தநாளிலும் தொடமாட்டார். அத்தை இறந்தபின் அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தது பொம்மிதான். வெள்ளம் வந்த வருஷம், தெருவே தண்ணீரில் கிடந்தபோது, எங்கள் மாடிப்படியில் நனைந்துபோய் ஏறி வந்த தெருநாய்க்குட்டி அது. அன்றைக்கு வீட்டில் மிச்சமிருந்தது தயிர்சாதம். அதையே வைத்தார். அது நக்கித் தின்றது. பிறகு அதுவே அதன் சாப்பாடாகிவிட்டது. தயிர்சாதம், பால், பிஸ்கட், விசேஷ நாளில் நெய் விட்ட பருப்புச்சாதம். “எங்க பொம்மி சுத்த சைவம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

நான் பம்மல்காரி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. காதல் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது விட்டுவிடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன். அம்மா வீட்டுக்குப் போனால் சாப்பிடுவேன், பல் துலக்கிவிட்டுத் திரும்பி வருவேன். அதைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமாவுக்கு அது தெரியும் என்றுகூட நான் நினைக்கவில்லை.

பொம்மிக்கு நாலைந்து வயதாகும்போது முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். தாம்பரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மாமா அதே பெருமையோடு சொன்னார். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொம்மியின் விலா எலும்பை விரலால் தடவிக்கொண்டே, “இதுக்கு உடம்புல சத்தே இல்ல சார். தயிர்சாதத்துல நாயோட உடம்பு நிக்காது. கறி, முட்டை ஏதாவது ஆரம்பிங்க. இப்பிடியே விட்டா தாங்காது” என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பொம்மியை மடியில் வைத்துக்கொண்டு மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேம்பாலம் தாண்டிய பிறகுதான் பேசினார். “நல்லது பண்றதா நெனச்சு, இவ்ளோ நாளா பட்டினி போட்டிருக்கேன்மா.”

அன்று சாயங்காலம் என் கணவர் செல்போனில் வீடியோக்களைக் காட்டினார். யாரோ நாய்களுக்குப் பச்சை இறைச்சியை அப்படியே போட்டு வளர்க்கிறார்கள். அதுதான் இயற்கை உணவு, ஓநாய் என்ன அடுப்பா மூட்டுகிறது என்கிறார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போனது வேறொரு காரணத்துக்காக. “சமைக்கவே வேணாம்னா வீட்டுக்குள்ள வாசனை வராதே. பின்பக்கமாவே கொடுத்துடலாம்.” மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, பூஜையில் கும்பிட்டுவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். அந்த மருந்துக்கடை வாசலில்தான் அவரைப் பார்த்தேன்.

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகையும் கத்தியுமாக உட்கார்ந்தார். தூக்கைத் திறந்ததும் எழுந்து போய்க் கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் ஓடிப்போய்க் கத்தியை வாங்கப் பார்த்தேன். “குடுங்க மாமா, எனக்குப் பழக்கம்தானே. நான் நறுக்கித் தரேன்.”

அவர் கத்தியைத் தரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “வேணாம்மா. இந்த வீட்டுக்காக ஆசையா சாப்பிட்டத விட்டுட்டு வந்தவ நீ. அதையே உன் கையில கொடுத்து நறுக்கச் சொன்னா, அது எனக்குப் பாவம்.”

அத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நான் வைத்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவரே நறுக்கினார். வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி ஒரே அளவாக, பொடிப்பொடியாக. பொம்மி முதலில் முகர்ந்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது, இது தப்பில்லையா என்று கேட்கிற மாதிரி. “சாப்பிடு” என்று தலையைத் தடவினார்.

பச்சைக்கறி பொம்மிக்குச் சேரவில்லை. மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. மருத்துவர் இந்தத் தடவை நன்றாகவே திட்டினார். கிருமி இருக்கும், சின்னப்பிள்ளை இருக்கிற வீடு வேறு, வேகவைத்துத்தான் கொடுக்கவேண்டும், வெந்த எலும்பை மட்டும் போடக்கூடாது என்றார். ஆக, வாசனை வராமலிருக்க மாமா கண்டுபிடித்த வழி அடைபட்டுப்போனது. அவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு கடைக்குப் போய் ஒற்றை பர்னர் அடுப்பும் ஒரு குக்கரும் வாங்கி வந்து பின்கட்டில் வைத்தார். எலும்பில்லாத கறி, கொஞ்சம் ஈரல், பூசணிக்காய், ஒரு பிடி அரிசி. உப்பில்லை, மஞ்சள் இல்லை. குக்கர் விசில் அடிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எட்ட நிற்பார். முடிந்ததும் இன்னொரு தடவை குளிப்பார். எதிர்வீட்டு அம்மா, “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று கேட்டதற்கு, “அதோட வயித்துக்குப் போய் நான் சைவம் பார்க்க முடியுமா?” என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் பொம்மியின் முதுகில் புதுமுடி முளைத்துவிட்டது. வெயில் வந்ததும் ஒருநாள் மொட்டைமாடி வரைக்கும் ஒரே மூச்சில் ஓடிப்போய், காயவைத்த வடகத்தைத் தின்றுவிட்டது. மாமா அதைத் திட்டவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாய் கடையிலிருந்து வந்தவர் கையில் தூக்கோடு ஒரு பையும் இருந்தது. பின்கட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்.

“இது பொம்மிக்கு. இது உனக்கு. உங்க வீட்ல பண்ற மாதிரி மசாலா போட்டுச் செஞ்சு சாப்பிடு.”

“ஐயோ வேணாம் மாமா. எனக்கு ஒண்ணும் அப்பிடி இல்ல.”

“பொம்மியும் வாயத் தொறந்து கேக்கல. டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீயும் கேக்கல. அதுக்காக உனக்கு வேணாம்னு ஆயிடுமா?”

சொல்லிவிட்டு அவர் முன்வாசலுக்குப் போய் பேப்பரை விரித்துக்கொண்டார். நான் பின்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெங்காயம் வதக்கினேன். பல வருஷம் விட்டுப்போனதில் காரம் கூடிவிட்டது. பொம்மி என் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு குழம்பையே பார்த்தது. மாமா முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். “மசாலா போட்டத அதுக்குக் கொடுத்துடாதம்மா!”

அவர் கடைசிவரை ஒரு துண்டு கறியை வாயில் வைத்ததில்லை. நான் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இல்லை. பொம்மி நன்றாக வாழ்ந்துவிட்டு, போன வருஷம் தூக்கத்தில் போனது. அந்த மாதத்திலிருந்தே மாமாவும் கட்டிலோடு ஆனார். நினைவு விட்டு விட்டு வரும். ஒருநாள் பம்மலில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து அவர் கட்டிலருகே நின்றேன். கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அம்மா வீட்டுலேர்ந்தா வர? இன்னிக்கு என்ன மீன்?”

“நெத்திலி மாமா.”

இரண்டு விரலை விரித்து அளந்து பார்த்தார்.

“அது ரொம்பச் சின்னதாச்சேம்மா” என்றார் கவலையோடு. “வயிறு ரொம்பிச்சா?”