சிவப்புச் சட்டையோடு போன கதைத்துண்டு

செல்வராணி மேசையில் வைத்த காகிதத் துண்டில் இருந்தது என் கையெழுத்து. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"இதென்ன அண்ணன்? நான் சட்டை தைக்கத்தானே தந்தனான்?"

சுனாமிக்கு அடுத்த வைகாசி அது. களுவாஞ்சிக்குடியில் என் தையல் கடை. துணி கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

1. துண்டு குத்தும் முறை

ஐந்தாம் வகுப்போடு தையலுக்கு வந்தவன் நான். மெஷினை விட்டு எழும்ப நேரமில்லாதவனுக்குக் கதை எங்கே கிடைக்கிறது என்று இப்போது எழுதுகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். "இடுப்பில ஒரு இஞ்சு பிடிச்சுத் தையுங்க" என்பவர் ஏன் மெலிந்தார் என்பதையும் சொல்லிவிடுவார். அளவு மாறினால் அதற்கொரு காரணம் இருக்கும். பொபினுக்கு நூல் சுற்றும் நேரத்தில் அதை ஒரு வரியாக எழுதிவிடுவேன்.

வெட்டிய துணியைச் சுருட்டி, அளவு எழுதிய துண்டைக் குண்டூசியால் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். கதைகளையும் அப்படியே வைத்தேன். ஒரு கதைக்கு ஒரு வெட்டுத்துணி. அதில் ஆள் யார், என்ன வேண்டும், முடிவு என்ன என்று எழுதிக் குத்திய துண்டு. எல்லாம் ஒரு தகர பிஸ்கட் ரின்னுக்குள். ஞாயிறு பின்னேரம் ஒரு சுருளை மட்டும் பிரித்து எழுதுவேன். கதைகள் வேறு பெயரில் பத்திரிகைக்குப் போகும். அந்நாளில் மனைவியைத் தவிர எவருக்கும் தெரியாது. சொல்ல எனக்குக் கூச்சம்.

2. மாறிப்போன துண்டு

செல்வராணியின் கணவர் சுனாமியன்று காலையில் தோணியில் போனவர். சடலம் கிடைக்கவில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை. கண்ணகி அம்மன் சடங்குக்கு உடுக்கச் சிவப்புச் சட்டை தைக்கத் தந்தாள். அன்றே ஒரு துண்டில் எழுதினேன்: 'சிவப்புச் சட்டைக்காரி. புருசன் திரும்பி வரவேண்டும். முடிவு: அவர் இல்லை, வெள்ளைக்கு மாறுகிறாள்.' அளவுத் துண்டென்று நினைத்து அதையே அவளுடைய சட்டையில் குத்திக் கொடுத்துவிட்டேன்.

"மச்சாள் வாசிச்சிற்றா. 'பாருகா, டெயிலருக்கே தெரிஞ்சிரிக்கி. இனி வெள்ளையை உடு' எண்டு நாலு பேருக்கு முன்னால சொல்றா. ஆரும் சடலத்தைக் கண்டு உங்களுக்குச் சொன்னாங்களா?"

"இல்லை தங்கச்சி. அது கதை. நான்... கதை எழுதுறனான்."

காத்திருந்த பெண்ணொருத்தி சிரித்தாள். "அதுதானா எண்ட சட்டை ரெண்டு கிழமையா வரல்ல?"

செல்வராணி சிரிக்கவில்லை. "இதை மச்சாளுக்கு முன்னால வந்து சொல்லுங்க."

3. அவர் கேட்டது

கடையைப் பூட்டிவிட்டு, பிஸ்கட் ரின்னையும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். அந்த மச்சாள், அவள் கணவரின் அக்கா, வாசலிலேயே மறித்தார்.

"அஞ்சாம் வகுப்புக்காரன் கதை எழுதுறதா? தெரிஞ்சதை மறைக்காதீங்க தம்பி."

ரின்னைத் திறந்து காட்டினேன். அச்சில் வந்த கதையொன்றையும் கொடுத்தேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா. முடிவு நான் நினைச்சு எழுதினது."

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நினைச்சு எழுதுறதெண்டா, எண்ட தம்பி வந்திற்றான் எண்டு எழுதியிருக்கலாந்தானே?"

செல்வராணியின் துண்டில் முடிவு இருந்த வரியைக் கிழித்தெடுத்தேன். வெள்ளை உடுக்கச் சொல்லி அவர் பிறகு வற்புறுத்தவில்லை. செல்வராணி சடங்குக்குச் சிவப்பிலேயே போனாள்.

அதன்பின் கதைத்துண்டுகளைப் பழைய கலண்டர் தாளில்தான் எழுதுகிறேன். அளவுத் துண்டோடு மாறாது. ஆளையும் அவருக்கு வேண்டியதையும் மட்டும் குறிப்பேன். முடிவுக்கு இடம் வெறுமையாக இருக்கும். யுத்தம் முடிந்த வருடம் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி நிறையப் பேர் வந்தார்கள். ரின் இரண்டானது. எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அளவை உடனே எழுதுங்கள், முடிவை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

ஒவ்வொரு வைகாசியும் செல்வராணி சிவப்புத் துணியோடு வருகிறாள்.

"முடிவு எழுதிற்றீங்களா அண்ணன்?"

"இல்லை."

"நல்லம். அளவு அதேதான்."