லின் ஆன்ட்டி தாண்டச் சொன்ன படி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்; என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் புக்கிட் காத்திலில் குடியிருந்தோம். பக்கத்து ஊரான கிளேபாங்கில் லோரி மோதி, என் வீட்டுக்காரர் மணியம் மூன்று நாள் கண் திறக்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் வேண்டாத சாமியில்லை. நாலாம் நாள் விழித்தார். பக்கத்து வீட்டு லின் ஆன்ட்டி கன்டனீஸ் பேசும் சீனர், ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். மருத்துவமனைக்கு வந்து, "தாய் போ லாம் குவோ" என்றார். பெரிய எட்டாக எடுத்து வைத்துச் சாவைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தமாம்.

"வீட்டுக்கு வரும்போதும் அப்படியே தாண்டணும் லா. படியில நின்னா, பின்னால வர்றதும் உள்ள வந்துரும்."

நான் தலையாட்டி வைத்தேன். ஆனால் பிழைத்து வந்தவரை ஆரத்தி எடுக்காமல் எப்படி உள்ளே விடுவது?

அவர் வீடு திரும்பிய நாள், பட்டப்பகல். இரண்டு ஊன்றுகோலோடு வந்தவரிடம், "ஏங்க, படியிலயே நில்லுங்க" என்றேன்.

"நிக்காதே மணி! தாண்டு லா!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டி கத்தினார்.

எனக்கு எரிச்சல். "சும்மா இருங்க ஆன்ட்டி, எங்க வழக்கம் எங்களுக்கு!" மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை படியிலேயே நிறுத்தினேன். நகரும்போது ஊன்றுகோல் தட்டி ஆரத்தித் தண்ணீர் கொட்டியது. அதை மிதித்தே உள்ளே போனார்.

துடைக்கத் துணியோடு வந்தேன். சிமென்ட் தரையில் சிவப்பாக அவருடைய வலது காலடி, இரண்டு பக்கமும் ஊன்றுகோல் புள்ளி. சரிதான். ஆனால் நடுநடுவே இடது காலடியும் இருந்தது. இடது காலில் அவருக்கு விரல்வரை மாவுக்கட்டு, தரையில் ஊன்றவே இல்லை! குனிந்து பார்த்தேன். ஐந்து விரலும் தெளிவாக, அவர் பாதத்தைவிடச் சின்னது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! அழுதுகொண்டே துடைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார், பேரப்பிள்ளைகளும் பார்த்துவிட்டார். ஆனால் இன்றுவரை, வெளியே போய் வந்தால் உள்ளே நுழைந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

"சாத்துங்க, கொசு வருது" என்பேன்.

"இரு லா, உள்ள வரட்டும்" என்பார்.

யார் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.