கெட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்

கலியமூர்த்தி அண்ணன் போய்விட்ட செய்தி, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பி நான் வண்டியை வெளியே எடுத்தபோது வந்தது. அவருடைய மைத்துனர்தான் பேசினார். “மாமா எழுந்திருக்கல” என்று மட்டும் சொன்னார். வடக்குத்து ஊரில் அவர் வீடும் என் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூத்த மகள் அபிநயா பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பாடப்புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்தபடி அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், சுரங்கத்தில் அவரோடு கான்ட்ராக்டில் வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை வாரி மேலே போடுவது நம் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவர் செய்தித்தாளை விரிப்பார். எங்கோ ஏரி உடைந்திருக்கும், எங்கோ ஆலையை மூடியிருப்பார்கள். அதை மட்டும் தேடி உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும், “எல்லாம் நம்மளோட முடிஞ்சிச்சு தம்பி” என்பார். நிலக்கரி தீர்ந்துவிடும், பர்மனென்ட் வராது, மழை வந்தால் மூழ்கடிக்கும், வராவிட்டால் காயவைக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சோறு இறங்காது என்று தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நானும் போயிருக்கிறேன்.

அந்த மனிதரின் இன்னொரு முகத்தை ஒரு ஐப்பசி மழையில்தான் பார்த்தேன். தெருவெல்லாம் தண்ணீர். அவர் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு உதவிக்குப் போனேன். மனைவி சுமதி அண்ணி அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் கட்டில்மேல் உட்கார்ந்திருக்க, அண்ணன் தண்ணீரில் நின்றபடி, சுவர் காய்ந்ததும் என்ன நிறம் அடிக்கலாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் மஞ்சள் என்றாள். சின்னவள் இனியா நீலம் வேண்டும் என்று அழும் நிலைக்கு வந்துவிட்டாள். வெள்ளம் வந்த வீடு மாதிரியே இல்லை. அன்று காலையில்தான், இந்த வீடு அடுத்த மழையைத் தாங்காது என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

வாசலுக்கு வந்ததும் கேட்டேன், பிள்ளைகளிடம் ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

“பொய் இல்ல தம்பி. எனுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனுக்கு நடந்தது. அதுங்களுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கல. நடக்காதத கெட்டதுதான்னு நான் எப்பிடி சொல்லுவேன்?”

அந்தச் சுவருக்கு மஞ்சள் அடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. ஆனாலும் அடித்தார். கதவுக்கு நீலம்.

அபிநயா வேளாண்மை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நிலம் வைத்திருப்பவனே விட்டுவிட்டு ஓடுகிறான், சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். பெல்ட்டடியில் அண்ணனும் அதையேதான் நம்மிடம் புலம்பினார். விவசாயத்தில் இனி ஒன்றும் இல்லை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த விடுமுறையில் மகளைப் பின்னால் உட்காரவைத்து, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு நெல்வயலைக் காட்டக் கூட்டிப் போனார். அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல் அது. “உங்க தாத்தா குனிஞ்சிக்கினே பாத்த நிலம். நீ நின்னுக்கினு பாரு” என்றாராம். இதை அபிநயாதான் பிறகு என்னிடம் சொன்னாள்.

மாசி மாதத்தில் அவருக்கு நெஞ்சுவலி தொடங்கியது. மண்வாரியை ஊன்றிக்கொண்டு நிற்பார். நாங்கள் சிலர் வற்புறுத்தியதால் ஒரு மருத்துவரைப் பார்த்தார். கடலூருக்குப் போய்ப் பெரிய பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார் அண்ணன். நானே கூட்டிப் போகிறேன் என்று இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். இரண்டு முறையும் உள்ளே விடாமல் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டில் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டார். பரீட்சை முடிய இன்னும் இரண்டு தாள் இருந்தபோது போய்விட்டார்.

அந்த இரண்டையும் அபிநயா எழுதினாள். காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் வந்து நின்றாள்.

“அப்பாவுக்கு வலி இருந்துச்சா சித்தப்பா? உங்ககிட்ட சொன்னாரா?”

இருந்தது, சொன்னார் என்றேன். பரிசோதனையை ஏன் தள்ளிப் போட்டார் என்பதையும் மறைக்கவில்லை. அவள் பேசியது அழுகையாக இல்லை, கோபமாக இருந்தது.

“எங்ககிட்ட நல்லதையே சொல்லிக்கினு இருந்தாரு. ஒரே ஒரு கெட்டத சொல்லியிருந்தா நாங்க இழுத்துக்கினு போயிருப்போம் இல்ல?”

அண்ணனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. பிள்ளைகள் முகம் வாடக் கூடாது என்று அவர் கட்டிக் காத்த வீட்டில், அவருடைய வலிக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது. நம்பிக்கையோடு பிள்ளைகளை வளர்த்தார் என்று இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் பேசினோம். அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று அங்கே யாரும் பேசவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அபிநயாவுக்குப் பட்டப்படிப்பில் இடம் கிடைக்கவில்லை. வேளாண்மைப் பட்டயப் படிப்பில் கிடைத்தது, வெகு தூரத்தில். அவளை வழியனுப்ப வடலூர் பேருந்து நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். சுமதி அண்ணி இப்போது ஒரு பள்ளிச் சமையலறையில் வேலைக்குப் போகிறார். அன்று விடுப்பு எடுத்திருந்தார். பேருந்து வந்ததும் மகளின் பையைக் கையில் கொடுத்துவிட்டு அழுதார்.

“எனுக்கு பயமாத்தான் இருக்குது. உங்கப்பா மாரி மறைக்கத் தெரியல. அதுக்காவ நிக்காத, போ.”

“எனக்கும் பயமாதாம்மா இருக்கு” என்றாள் அபிநயா. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடும்படி அம்மாவிடம் சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது.

எட்டாவது படிக்கும் என் மகள் போன வாரம் என்னிடம், சுரங்கம் மூடிவிட்டால் நாம் எல்லாம் என்ன ஆவோம் என்று கேட்டாள். நான் என் முழங்கால் வலியைப் பற்றி அவளிடம் சொன்னேன். இன்னும் எத்தனை வருடம் மண்வாரி பிடிக்க முடியும் என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்ப நான் என்ன ஆவேன் என்று அடுத்துக் கேட்டாள். இதற்குத்தான் கலியமூர்த்தி அண்ணன் எனக்கு ஒரு பதிலை விட்டுப் போயிருக்கிறார். “அது எனக்குத் தெரியாதும்மா. உனக்கு இன்னும் ஒண்ணும் நடக்கல” என்றேன். அவரைப் போல அதைச் சிரித்த முகத்தோடு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.